தைவானில் மழை உண்டா?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. "உன்ன யாரு அனுப்பினாங்க?" என்றுதான் கேட்டார். முதலாளி இன்டர்வியூ வைத்து எடுத்தார் என்றேன். "அது சரி, அவருகிட்ட உன்ன யாரு அனுப்பினாங்க?" யாரும் அனுப்பவில்லை, பேப்பரில் விளம்பரம் பார்த்து வந்தேன் என்றேன். கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்துவிட்டு, "இங்கிலீஷ் பேப்பரா, பெங்காலி பேப்பரா?" என்றார். கொல்கத்தாவில் ஒரு சந்துக்குள் இருக்கிற தொழிற்சாலையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் தற்செயலாகச் சந்தித்திருக்கிறோம். ஒரு சிரிப்பாவது வேண்டாமா? அதற்கு நான் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் நாலு திருப்பம் திரும்பினால் எங்கள் தொழிற்சாலை. நாற்பது பேர் இருந்தோம். பிறந்த குழந்தைகளுக்கான வார்மர் செய்தோம். எடை குறைந்து பிறக்கிற குழந்தையால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் தலைக்கு மேலே ஒரு ஹீட்டர், வயிற்றில் ஒட்டிய ஒரு கம்பி, இரண்டுக்கும் நடுவில் ஒரு எலெக்ட்ரானிக் போர்டு. கம்பி சொல்கிற சூட்டைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் போர்டில் உட்கார்ந்திருக்கும் நகத்தளவு சிப்பின் வேலை. தகரம், சக்கரம், மெத்தை, பெயின்ட் எல்லாம் ஹௌராவிலேயே கிடைக்கும். சிப் மட்டும் கடல் தாண்டி வர வேண்டும். எதை எப்போது செய்வது என்று திட்டம் போடுவது என் வேலை. அதற்கான பொருளை வாங்கி வைத்துக் காப்பது அவர் வேலை.

தொழிலாளிகள் அவரை ஸ்டோர்-தி என்பார்கள். அக்காவைக் குறிக்கும் தீதி என்பதில் பாதியை மிச்சம் பிடித்து யார் பெயரோடும் ஒட்டிவிடுவது இந்த ஊர் வழக்கம். நான் அக்கா என்றேன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நான் லேக் கார்டன்ஸ், பாங்க் உத்தியோகக் குடும்பம். என் தமிழ் சீரியல் பார்த்துக் கற்ற தமிழ் என்று அவர் ஒருமுறை சொன்னார்.

அவருடைய குணத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், சந்தேகம். மீன்காரன் 'இப்போதுதான் வந்தது மாஷிமா' என்று சத்தியம் செய்தால், "கண்ணு பொய் சொல்லும்டா, செவுளைக் காட்டு" என்பார். டீ போடுகிற இடத்துக்கே போய் நின்று, கொதிப்பதைப் பார்த்துதான் டீ குடிப்பார். சப்ளையர் போனில் 'மால் வந்துவிட்டது' என்றால், "எங்க வந்துச்சு? என் மேசைக்கு வந்தாதான் வந்துச்சு" என்று வைத்துவிடுவார். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது மாப்பிள்ளை எந்த ஆபீஸ் என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் அந்த ஆபீசுக்கே போன் போட்டு, அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா, எந்த செக்‌ஷன், லீவு போடாமல் வருகிறாரா என்று விசாரித்துவிட்டார். என் மாமியாருக்கு விஷயம் எட்டி வீடு இரண்டுபட்டது. நான் கோபத்தோடு போய்க் கேட்டபோது, "இருக்காரு. நல்ல மனுஷன்தான். கட்டிக்கோ" என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தார். கோபப்படப் போனவள் நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

சிப் விஷயத்தில் இந்தக் குணம் கம்பெனிக்கு நல்லதாகவே இருந்தது. சாந்தினி மார்க்கெட்டில் போலி சிப் உண்டு. குப்பைக்குப் போன பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து சிப்பைப் பிடுங்கி, மேலே இருக்கிற எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூச்சு பூசி, வேறு பெயரை அச்சடித்துப் புதுசு என்று விற்பார்கள். அக்கா பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒவ்வொரு சிப்பாகத் துடைப்பார். பஞ்சு கறுத்தால் அந்த வியாபாரிக்கு அன்றோடு சரி. அந்த அறைக்குள் எப்போதும் நெயில் பாலிஷ் கழுவுகிற வாசனை அடிக்கும். அங்கே ஒரு பச்சை இரும்பு பீரோவும் இருந்தது. அதன் சாவி அவர் புடவைத் தலைப்பின் முடிச்சில் இருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால், "உனக்கு இன்னாத்துக்கு?" என்பார்.

பிறகு அந்தப் பஞ்ச காலம் வந்தது. ஊரெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உலகம் முழுக்க சிப்புக்குத் தட்டுப்பாடு. ஒரு நாளும் கார் வாங்காத எங்களுக்குக் கார் கம்பெனிகள் எப்படித் திண்டாடுகின்றன என்பது அத்துப்படி ஆனது. எங்கள் சிப்பை வடிவமைத்தது ஒரு நாடு, உருவாக்கியது தைவான், பெட்டிக்குள் அடைத்தது மலேசியா, அனுப்பி வைத்தது சிங்கப்பூர். இத்தனை பேர் கை மாறி வருகிற ஒரு சாமானை நம்பித்தான் பாங்குராவிலும் புருலியாவிலும் குழந்தைகள் சூடு காய்ந்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்பு நான் அதை யோசித்ததே இல்லை.

அக்கா யோசித்திருந்தார். காலையில் வந்ததும் என்னிடம் முதல் கேள்வி, "தைவான்ல மழ உண்டா?" என்பதுதான். சிப் செய்கிற ஆலைக்கு ஆறு ஆறாகத் தண்ணீர் வேண்டும், அங்கே மழை பொய்த்துவிட்டது என்று எதிலோ படித்திருந்தார். இங்கே ஜாதவ்பூரில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து தைவானில் மழையா என்று கேட்கிறவரைப் பார்த்து ஷெஃபாலி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஷெஃபாலி எங்கள் சால்டரிங் மேசையின் தலைவி. போர்டில் சிப்பைப் பற்றவைக்க அவளைப் போல் கை கிடையாது. புருஷன் படுத்த படுக்கை, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அப்படியிருந்தும் தொழிற்சாலையில் அதிகம் சிரித்தவள் அவள்தான்.

"சிரிக்காதடி" என்பார் அக்கா. "அங்க மழ பேஞ்சாதான் இங்க உனக்கு வேலை. அதுவும் மழ மட்டும் இல்ல. அந்தத் தீவு என்துன்றான் ஒருத்தன், தொட்டுப் பாருன்றான் இன்னொருத்தன். ரெண்டு பேரும் கப்பல வச்சிக்கினு சுத்துறானுங்க. ஒருத்தன் குண்டு போட்டான்னு வச்சிக்கோ, அங்க செத்தவன் போவ, இங்க நம்ம பொட்டி எல்லாம் தகரம்தான்." இதை வங்காளியிலும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். ஷெஃபாலியின் சிரிப்பு அரை நிமிடமாவது நிற்கும்.

எங்களிடம் அப்போது ஒரு பெரிய ஆர்டர் இருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கான வார்மர்கள். துர்கா பூஜை முடிந்து சில வாரங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் கம்பெனி பிழைக்கும். கொடுக்காவிட்டால் பாதிப் பேரையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று முதலாளி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர், டாக்டர் குடும்பம், தொழிலாளிகள் பாபு என்றுதான் கூப்பிடுவார்கள். வாரா வாரம் ஸ்டோர் வாசலில் வந்து நிற்பார். "கொஞ்சமாவது இருக்கா?" அக்கா, "இல்ல பாபு" என்பார். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். அதுதான் எனக்கு உறுத்தியது.

ஏனென்றால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். தட்டுப்பாட்டின் நடுவில் சாந்தினியின் ஒரு சந்துக்கடைக்காரன் எங்கள் சிப்பே சில ரீல் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ரீல் என்றால் சினிமாச் சுருள் மாதிரி ஒன்று, அதில் சிப்புகள் வரிசையாகப் பதிந்திருக்கும். 'ஆகாது' என்று அக்கா தள்ளிவிட்டார். திருப்பி அனுப்பியிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ஆனால் அந்தக் கடை ஷட்டரை இறக்கி வெகு நாளாயிற்று, அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது என்று பிறகு நான் கேள்விப்பட்டேன். அப்படியானால் ரீல்களை யாரிடம் திருப்பிக் கொடுத்தார்?

ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் தூக்கிப் போகிற டிபன் கேரியர்கூட எனக்குக் கனமாகத் தெரிந்தது. அறைக் கதவை ஒருக்களித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் போன் பேசுவார். "கெடச்சிச்சா? எங்கேந்து? பேரச் சொல்லாத, ஊர மட்டும் சொல்லு." பாபுவுக்கும் இது காதில் விழுந்திருக்கிறது, மொழி புரியவில்லை. என்னைக் கூப்பிட்டார். "உனக்குத்தானே தமிழ் தெரியும்? கொஞ்சம் காது கொடு" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் காது கொடுத்தேன். இரண்டே நாளில் அக்கா கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் நாள் நான் கதவருகே நிற்கும்போது போனில் சுத்தமான தெலுங்கு ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வே காலனியில் வளர்ந்தவருக்கு மொழிக்கா பஞ்சம்? என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் எதற்குப் பயம் என்று நான் பொருமினேன்.

அந்த வருடம் விஸ்வகர்மா பூஜை வந்தது. வங்காளத்தில் தொழிற்சாலை என்று ஒன்று இருந்தால் அன்று பூஜை உண்டு. எல்லா இயந்திரத்துக்கும் ஓய்வு, எல்லாக் கதவும் அலமாரியும் திறந்து துடைத்துப் பூ வைத்தாக வேண்டும், வானமெல்லாம் பட்டம். புரோகிதர் ஒவ்வொரு அறையாக வந்து தண்ணீர் தெளிப்பார். அந்தப் பச்சை பீரோவுக்கு முன்னால் வந்ததும் வழக்கம்போல நின்றார். வழக்கம்போல அக்கா, "எங்களுக்கு இன்னைக்கு இல்ல தாக்குர்மஷாய். நவமி அன்னைக்குத்தான் ஆயுத பூஜை. அன்னைக்குத்தான் தொறப்போம்" என்றார். ஷெஃபாலி என்னைப் பார்த்து, "நிஜமாவா தீதி, உங்க ஊர்ல அப்படியா?" என்றாள். நிஜம்தானே, ஆமாம் என்றேன். எத்தனையோ வருடமாக எல்லோரும் இதைப் பக்தி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அன்று மாலை பஸ்ஸில் போகும்போது பொறி தட்டியது. நவமி என்றால் துர்கா பூஜை. சஷ்டியிலிருந்து தொழிற்சாலையே பூட்டிக் கிடக்கும். ஒருவர் கண்ணிலும் படாமல் திறப்பதற்கு இதைவிட நல்ல நாள் எது?

நவமி அன்று காலை வீட்டில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். லேக் கார்டன்ஸிலிருந்து ஜாதவ்பூர் வரை தெருவுக்குத் தெரு பந்தல். டாக் மேளம் காதைப் பிளந்தது. புதுப் புடவைக் கூட்டத்தில் நீந்தித்தான் போக வேண்டியிருந்தது. சந்துக்குள் நுழைந்தால் தொழிற்சாலையின் சின்னக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். பீரோ திறந்து கிடந்தது. தட்டில் பொரி, பொட்டுக்கடலை, ஒரு பூசணித் துண்டு. பூதக்கண்ணாடிக்கும் சிப்பைப் பிடித்து எடுக்கிற சிமிட்டாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். ஆயுத பூஜை பொய் இல்லை. பீரோவுக்குள் ரீல் ரீலாக அடுக்கியிருந்தது. சாந்தினிக்காரன் கொண்டுவந்தது மேல் தட்டிலேயே இருந்தது.

"இவ்வளவு வச்சுக்கிட்டு இல்ல இல்லங்கறீங்களே அக்கா! நாப்பது பேர் வேலை போகப் போகுது!"

"கத்தாத. ஒக்காரு" என்றார். என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவே இல்லை. "இது ஸ்டோர் இல்ல. ஜெயிலு. இதுல இருக்கறது எல்லாமே கெட்ட மாலு. இத்தினி வருஷமா எவன் எவனோ ஏமாத்தித் தந்தது."

"கெட்டதுன்னா தூக்கிப் போடறதுதானே?"

"குப்பையில போட்டா பொறுக்கறவன் எடுத்துக்கினு போய் சாந்தினில விப்பான். திருப்பிக் குடுத்தா வேற ஒருத்தன் பேர்ல என்கிட்டயே வரும். ஒரு தடவ வந்துச்சு. நான் வச்ச மை அடையாளத்தோட வந்துச்சு."

"அப்ப பாபுகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் எடுத்துப் போட்டுடுவாரு. நல்ல மனுஷன்தான். கழுத்துல கத்தி இருந்தா நல்ல மனுஷன் இன்னா பண்ணுவான்?" பொரித் தட்டை என் பக்கம் தள்ளி, "போன்ல நான் நல்ல மாலுதான் தேடிக்கினு இருந்தேன். மெட்ராஸ்ல, ஐதராபாத்ல, எல்லா ஊர்லயும். ஒருத்தன்கிட்டயும் இல்ல" என்றார்.

நான் மேல் தட்டு ரீலிலிருந்து ஒரு சிப்பை எடுத்து, அவருடைய பஞ்சில் அவருடைய அசிட்டோனைத் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மறுபடியும் துடைத்தேன், வெள்ளைதான். அவரைப் பார்த்தேன். "தெரியும்" என்றார். "அது பாஸ் ஆவும். அதான் எனக்கு சந்தேகம்."

விடுமுறை முடிந்து கதவு திறந்த அன்று நான் பாபுவிடம் போய்ச் சொன்னேன். சொல்லப் போகிறேன் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டேன். எப்படியும் சொல்லியிருப்பேன், நாற்பது குடும்பத்தின் சோறு அது. பாபு ஸ்டோருக்கு ஓடி வந்தார், பின்னாலேயே எல்லோரும். அக்கா தலைப்பு முடிச்சை அவிழ்த்துத் தானே பீரோவைத் திறந்துவிட்டார். ஷெஃபாலி அங்கேயே ஒரு போர்டில் அந்தச் சிப்பை வைத்துப் பற்றவைத்தாள். வார்மரில் மாட்டி ஓடவிட்டோம். சூடு ஏறியது, சொன்ன அளவில் நின்றது. குறைத்தால் குறைந்தது. ஷெஃபாலி கைதட்டினாள். யாரோ சந்தேஷ் இனிப்பு வாங்கிவரக்கூடக் கிளம்பிவிட்டார்கள்.

"இது ஆகாது பாபு" என்றார் அக்கா.

பாபுவின் முகம் சிவந்தது. "இத்தனை நாள் இல்லை இல்லைன்னு சொன்னீங்க. இப்ப இருக்குன்னு தெரிஞ்சதும் கெட்டதுங்கறீங்க. உங்க பேச்சில் எதை நான் நம்பறது?"

கேள்வி நியாயமானது. யாரையும் நம்பாதவரை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. பஞ்சும் அசிட்டோனும் அவர் கற்றுக்கொடுத்த சோதனைதான். அதிலும் சிப் பாஸ். எங்களிடம் அதற்கு மேல் சோதிக்கச் சாதனம் கிடையாது, வெளியூர் லேபுக்கு அனுப்பினால் ஆர்டரின் கெடு தாண்டிவிடும்.

"ஒலகமே இல்லேன்னு கையை விரிச்சிக்கினு நிக்குது" என்றார் அக்கா. "கார் கம்பெனிக்காரன் சிப்பு இல்லாம காரெல்லாம் செஞ்சி மைதானத்துல நிறுத்தி வச்சிருக்கான். பெரிய பெரிய சர்க்காரே தைவான் காலப் பிடிக்குது. அவங்களுக்குக் கெடைக்காதது இந்த சந்துக்கடைக்காரனுக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சு? வந்தவன் கடைய ஏன் மூடினான்? இது ஒரு மாசம் ஓடும். அப்புறம் ஒரு ராத்திரி ஹீட்டர் நிக்காது. நர்ஸ் ஒருத்திதான் இருப்பா, அவளும் அசந்திருப்பா."

"இதுக்கு என்ன ஆதாரம்?" என்றேன் நான்.

"ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு பாபுவின் பக்கம் திரும்பினார். பாபுவின் மகளுக்கு மகாலய அமாவாசைக்கு முதல் நாள்தான் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. "பாபு, இதை வச்சி மொதல் பொட்டி செஞ்சதும் உங்க பேத்தியக் கொண்டாந்து ஒரே ஒரு ராத்திரி படுக்க வைங்க. காலைல நான் சந்தேகப்பட்டதுக்கு உங்க கால்ல விழறேன். அப்புறம் நாட்டுக்கே வித்துக்கலாம்."

பாபு ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை நீட்டி வார்மரை அணைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "வேண்டாம்" என்றார்.

அக்கா அதோடு விடவில்லை. இப்போதே உடைக்க வேண்டும் என்றார். நாளைக்கு உங்கள் மனசு மாறும் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னார். சுத்தியல்கள் வந்தன. சாந்தினிக்காரனின் ரீல்களைப் பிரித்து முற்றத்துச் சிமெண்ட் தரையில் பரப்பினோம். முதல் அடியை அக்கா அடித்தார், அப்புறம் ஷெஃபாலியும் அடித்தாள். தன் வேலையைத் தானே அடித்து நொறுக்குகிறோம் என்று தெரிந்துதான் அடித்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒரு சிப் தெறித்து என் காலடிக்கு வந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் அப்போது எனக்கும் தெரியாது.

ஆர்டர் கைநழுவிப் போயிற்று. பாதிப் பேர் போனார்கள், ஷெஃபாலியும் அதில் ஒருத்தி. கடைசி நாளில் அவர்கள் அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அதற்கடுத்த மாதம் அக்காவே ராஜினாமா செய்துவிட்டு சாந்த்ராகாச்சியில் தம்பி வீட்டோடு போய்விட்டார். மெல்ல மெல்ல சிப் வரத் தொடங்கியது. தைவானில் மழை பெய்திருக்க வேண்டும். கம்பெனி தேய்ந்து தேய்ந்து இன்று வேறு ஒருவர் கையில் இருக்கிறது, நானும் வேறு வேலைக்கு மாறிவிட்டேன்.

சென்ற குளிர்காலத்தில் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் ஓரம் ஷெஃபாலியைப் பார்த்தேன். வாணலியில் உருளைக்கிழங்கு ஆலூர் சாப்பும் கத்தரிக்காய் பேகுனியும் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தெறித்து முன்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. அந்தக் கை செய்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. "தீதி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மால் நல்லதா, கெட்டதா?" என்றாள். தெரியாது என்றேன். "தெரிஞ்சுக்க முடியுமா?" என்றாள்.

முடியும். பெங்களூரில் ஒரு லேபில் என்னோடு படித்தவன் இருக்கிறான். அமிலம் விட்டுச் சிப்பின் மேலோட்டைக் கரைத்து, உள்ளே இருக்கிற சிலிக்கான் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுவான். அன்று பையில் போட்டுக்கொண்ட சிப்பைக் கூரியரில் அனுப்பினேன். அவன் போன் செய்து, "அசல்தான். உள்ளே இருக்கிற குறி, வரிசை எல்லாம் சரி. புதுசு வேற. பழசிலேர்ந்து பிடுங்கினது இல்லை. எங்க கிடைச்சது?" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் என் மனம், இந்த ஒன்று நல்லது, மற்றது? லேபில் சரியாகப் பார்த்தானா? என்று கேட்டது. அக்காவோடு பழகிய தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சிக்குப் போனேன். அக்கா இளைத்திருந்தார். டீயைத் தம்பி மனைவி உள்ளேயிருந்து கொண்டுவந்து வைத்தாள், அதை அவர் எடுத்துக் குடித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். எந்த லேப், யார் அவன், உனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்பார், கேட்கட்டும் என்றே காத்திருந்தேன். உண்மையில் அவர் அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு சிப்தான் அக்கா பார்த்தோம்" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "மத்ததெல்லாம் எப்படியோ, யார் கண்டா?"

"இல்லம்மா. எல்லாம் ஒருத்தன் குடுத்த ரீல்தான். ஒண்ணு நல்லதுன்னா எல்லாம் நல்லதுதான்" என்றார். வாழ்க்கையில் அவர் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதை ஏன் பார்த்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

"ஷெஃபாலி இன்னா பண்றா?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்து, "என்ன அங்க இட்டுக்கினு போ" என்றார். வேண்டாம் அக்கா, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "நீ ஏன் சொல்லணும்? உடைக்கச் சொன்னது நானு" என்றார்.

ஸ்டேஷன் ஓரத்தில் மாலைக் கூட்டம். ஷெஃபாலி நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள், கரண்டி கையில் நின்றது. அக்கா சுற்றி வளைக்காமல் வங்காளியில் சொன்னார்: "பாத்துட்டாங்க. மால் நல்லதுதான்."

ஷெஃபாலி வாணலியில் மிதந்ததை வடித்துத் தட்டில் போட்டாள். அவசரப்படாமல் அடுப்பைத் தணித்தாள். "அப்படின்னா எங்கள ஏன் வீட்டுக்கு அனுப்பினீங்க, ஸ்டோர்-தி?"

எத்தனையோ பேரை எத்தனையோ கேள்வி கேட்டவர் அந்தக் கேள்விக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உலகமே தட்டுப்பாட்டில் கிடந்தது என்றோ, கடைக்காரன் ஓடிப்போனான் என்றோ அவர் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் உண்மையும்கூட.

"பயந்துட்டேன்மா" என்றார்.